கட்டளைக்கு ஒரு கையேடு

மாணவர்களே! தேனி மாவட்டத்தில் வாழும் உங்களுக்கு நாளிதழின் ஒரு மூலை நன்கு பழக்கமானதாக இருக்கும். 'அணை நிலவரம்' என்ற சிறு கட்டத்தைத்தான் சொல்கிறேன். முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, மொத்த உயரம் 152 அடி. நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கனஅடி. வெளியேற்றம் இத்தனை கனஅடி. இருப்பு இத்தனை மில்லியன் கனஅடி. அடுத்து 71 அடி வைகை அணை. அதன்பின் 126.28 அடி சோத்துப்பாறை. நாள்தோறும் எண்கள் மாறுகின்றன; வரிசை மாறுவதில்லை. கூடலூரிலும் சின்னமனூரிலும் முதல் போக நெல்லுக்கு நாற்றங்கால் போடக் காத்திருக்கும் பெரியவர், மூக்குக்கண்ணாடியைத் தேடாமலே எந்த இடத்தில் எந்த எண் இருக்கும் என்று சொல்லிவிடுவார்.

ஒரு நாள் இந்த வரிசை மாறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். நீர்வரத்து இருக்க வேண்டிய இடத்தில் வெளியேற்றம் அச்சாகிவிட்டது. எண்களில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பவர் ஏமாந்துவிடுவார் அல்லவா? இன்னொன்றும் உண்டு. மலைக்கு அப்பால் உள்ள இடுக்கி அணையின் முழு நீர்மட்டம் 2,403 அடி என்று செய்தியில் படிக்கிறோம். நம் பெரியாறு அணையில் 2014-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி தேக்கக்கூடிய அளவு 142 அடி. இடுக்கி அணை பெரியாற்றைப் போலப் பதினேழு மடங்கு உயரமா? இல்லை. இடுக்கியின் அளவு கடல்மட்டத்திலிருந்து எண்ணப்படுகிறது. பெரியாற்றின் அளவு அணை நிற்கும் இடத்தை அடிப்படையாகக் கொண்டது. எங்கிருந்து அளந்தோம் என்பதைச் சொல்லாத எண், பாதி எண்தான்.

கணினி உலகிலும் இப்படி ஒரு கட்டம் உண்டு. அதற்குக் கையேட்டுப் பக்கம் என்று பெயர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதன் வரிசை பெரிதும் மாறாமல் வருகிறது. அந்த வரிசையைக் காப்பதற்காகவே உலகெங்கும் சிலர் உழைத்து வருகிறார்கள். அவர்களுடைய வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கட்டளை வரி என்பது என்ன?

கணினி என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவது சுட்டெலியும் திரையில் உள்ள சிறு படங்களும்தான். படத்தைச் சொடுக்கினால் வேலை நடக்கும். இதற்கு முந்தைய முறை ஒன்று உண்டு; இன்றும் அது உயிரோடு இருக்கிறது. கறுப்புத் திரையில் ஒரு சொல்லைத் தட்டி உள்ளிடு விசையை அழுத்துவது. அந்தச் சொல் ஒரு கட்டளை. அதை ஏற்றுச் செய்து முடிப்பது ஒரு சிறு நிரல். கோப்புகளைப் பட்டியலிட ஒரு நிரல், நகல் எடுக்க ஒரு நிரல், அகரவரிசைப்படுத்த ஒரு நிரல் என்று நூற்றுக்கணக்கில் உண்டு.

இது பழைய சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். உலகின் ஆற்றல் மிக்க 500 மீத்திறன் கணினிகளின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸ் என்ற இயக்கமுறையிலேயே ஓடுகின்றன. அவற்றோடு பேசும் விஞ்ஞானிகள் பெரும்பாலும் கட்டளை வரியில்தான் பேசுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் உங்கள் அண்ணன்களும் அக்காக்களும் பெற்ற கணினிகள் பலவற்றில், சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. அப்படி ஒரு கணினி உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கலாம். எடுத்துத் தூசி தட்டுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் பலவற்றை அதிலேயே செய்து பார்க்கலாம்.

கட்டளை வரியில் ஒரு சங்கடம் உண்டு. படத்தைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். சொல்லை ஊகிக்க முடியாது. எல், எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் கோப்புப் பட்டியலைக் குறிக்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கட்டளையோடு ஒரு சிறு கோடும் 'எல்' என்ற எழுத்தும் சேர்த்தால் விரிவான பட்டியல் வரும். கோடும் சிறிய 'ஆர்' எழுத்தும் சேர்த்தால் பட்டியல் தலைகீழாக வரும். கோடும் பெரிய 'ஆர்' எழுத்தும் சேர்த்தால் உள்ளே உள்ள அடைவுகள் அனைத்தையும் தோண்டித் துருவிக் காட்டும். இப்படிக் கட்டளையின் போக்கை மாற்றும் சேர்க்கைகளுக்குத் தெரிவுகள் என்று பெயர். இதே சிறிய 'ஆர்', நகல் எடுக்கும் கட்டளையில் தலைகீழைக் குறிப்பதில்லை; அங்கே அது அடைவு முழுவதையும் நகலெடுக்கச் சொல்கிறது! எழுதியவர்கள் வேறு, எழுதிய காலம் வேறு. ஆகவே எழுத்துகளின் பொருளும் வேறு. மனப்பாடம் செய்வது வீண். கையேட்டைப் பார்ப்பதே வழி.

பார்ப்பது மிக எளிது. 'மேன்' என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்துகளைத் தட்டி, இடம் விட்டு, கட்டளையின் பெயரைத் தட்டுங்கள். அதற்குரிய பக்கம் திரையில் விரியும்.

பக்கத்தின் அமைப்பு

எந்தக் கட்டளையின் பக்கத்தைத் திறந்தாலும் தலைப்புகள் அநேகமாக ஒரே ஒழுங்கில் வரும். முதலில் 'பெயர்'. அதில் ஒரே வரி. அடுத்து 'சுருக்கம்', கட்டளையை எப்படித் தட்ட வேண்டும் என்ற வாய்பாடு. பிறகு 'விளக்கம்', 'தெரிவுகள்', 'முடிவுநிலை', 'சூழல்', 'கோப்புகள்', 'எடுத்துக்காட்டுகள்', 'குறைகள்'. கடைசியில் 'இவற்றையும் காண்க'. எல்லாப் பக்கங்களிலும் எல்லாத் தலைப்புகளும் இரா. இருக்கும் தலைப்புகள் தத்தம் இடத்தில் இருக்கும்.

சுருக்கம் என்ற பகுதியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதில் சதுர அடைப்புக்குள் இருப்பது விரும்பினால் சேர்க்கலாம், விட்டாலும் விடலாம். அடைப்பு இல்லாதது கட்டாயம். மூன்று புள்ளிகள் வந்தால் அதற்கு முன்னால் உள்ளதைப் பலமுறை தரலாம். நடுவில் நெடுங்கோடு வந்தால் இதுவோ அதுவோ ஒன்றுதான். இயற்பியலில் ஒரு சமன்பாட்டைப் படிப்பது போலத்தான் இது. குறியீடுகளின் பொருள் எல்லாப் பக்கங்களிலும் ஒன்றாக இருந்தால்தான் சமன்பாட்டைப் படிக்க முடியும். ஒருவர் சதுர அடைப்பைக் கட்டாயத்துக்கும், மற்றொருவர் விருப்பத்துக்கும் பயன்படுத்தினால் என்னாகும்?

'பெயர்' என்ற அந்த ஒற்றை வரியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கட்டளையின் பெயர், ஒரு சிறு கோடு, பிறகு ஒரு வரி விளக்கம் என்பது அதன் இலக்கணம். ஏனென்றால் அந்த வரியை மனிதர்கள் மட்டும் படிப்பதில்லை. எல்லாப் பக்கங்களிலிருந்தும் அந்த வரியை மட்டும் பிரித்தெடுத்துப் பட்டியல் தயாரிக்கும் நிரல் ஒன்று உண்டு. எந்தக் கட்டளை வேண்டும் என்று தெரியாதபோது, ஒரு சொல்லைக் கொடுத்து அந்தப் பட்டியலில் தேடலாம். ஒரு பக்கத்தை எழுதியவர் அழகுக்காக அந்த வரியை வேறு விதமாக அமைத்துவிட்டால், பட்டியல் தயாரிக்கும் நிரல் அதைத் தவறவிடும். பக்கம் கணினியில் இருக்கும், தேடுபவருக்குக் கிடைக்காது. நூலகத்தில் அட்டை எழுதாமல் அலமாரியில் செருகிய புத்தகம் போல.

கையேட்டின் பகுதிகளுக்கு எண்களும் உண்டு. சாதாரணக் கட்டளைகள் 1-ஆம் பகுதி. நிரல் எழுதுவோருக்கான அழைப்புகள் 2, 3. கோப்புகளின் அமைப்பு 5. நிர்வாகிகளுக்கான கட்டளைகள் 8. கடவுச்சொல்லை மாற்றும் கட்டளைக்கும், பயனர் விவரங்களை வைத்திருக்கும் கோப்புக்கும் பெயர் ஒன்றே. எந்த எண்ணும் தராமல் கேட்டால் கட்டளையின் பக்கம் வரும். 5 என்று சேர்த்துக் கேட்டால்தான் கோப்பின் பக்கம் வரும். கம்பத்திலும் போடியிலும் ஒரே பெயரில் இருவர் இருந்தால், ஊர் பெயரைச் சேர்த்துச் சொல்கிறோமே, அது போல.

1971 நவம்பர் 3

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்ற இருவர் யூனிக்ஸ் என்ற இயக்கமுறையை உருவாக்கி வந்தார்கள். 1971 நவம்பர் 3 என்று தேதியிட்டு அதன் முதல் கையேடு வெளிவந்தது. ஏழு பகுதிகள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி. பெயர், சுருக்கம், விளக்கம், கோப்புகள், இவற்றையும் காண்க, குறைகள் என்ற தலைப்புகள் அன்றே இருந்தன. 'உரியவர்' என்றும் ஒரு தலைப்பு இருந்தது. அந்த நிரலுக்கு யார் பொறுப்போ அவருடைய சுருக்கப் பெயர் அங்கே இருக்கும். சந்தேகம் வந்தால் நடைவழியில் நாலு எட்டு வைத்து அவரையே கேட்டுவிடலாம்!

எனக்கு மிகவும் பிடித்தது 'குறைகள்' என்ற தலைப்பு. ஒரு மின்விசிறி வாங்குகிறீர்கள். அதோடு வரும் தாளில் 'இந்த விசிறி மூன்றாம் வேகத்தில் சற்று ஆடும்' என்று எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? யாரும் எழுத மாட்டார்கள். யூனிக்ஸ் கையேட்டை எழுதியவர்கள் எழுதினார்கள். நிரலை ஆக்கியவரே, தம் நிரலில் என்ன சரியில்லை என்று தம் கைப்பட எழுதினார். ஆய்வகப் பதிவேட்டில் அளவீட்டோடு பிழை எல்லையையும் எழுதச் சொல்லி நாங்கள் உங்களை வற்புறுத்துவதும் இதற்காகத்தான்.

அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக் மெக்கில்ராய் பின்னாளில் இந்தக் கையேட்டைச் செப்பனிடும் பொறுப்பை ஏற்றார். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு அவருடைய கைவண்ணம். பக்கத்தை எழுத உட்கார்ந்தால் நிரலின் குறை வெளியே வரும். குறையை விவரித்து எழுதுவதைவிட நிரலைத் திருத்துவது எளிது என்று தோன்றும். இப்படிக் கையேட்டை எழுதியதாலேயே நிரல்கள் செம்மையாயின.

என் அனுபவம் ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன், தனி ஊசல் சோதனையில் மாணவர்கள் எடுத்த அளவீடுகளை ஒரே கோப்பில் தட்டச்சு செய்ய வைத்தேன். ஊசலின் நீளம், இருபது அலைவுகளுக்கான நேரம். இரண்டு பிற்பகல்கள் ஆயின. எல்லாவற்றையும் நீளத்தின் வரிசையில் அடுக்க வேண்டும். அடுக்குவதற்கு 'சார்ட்' என்ற கட்டளை உண்டு. கோப்பின் பெயரைக் கொடுத்தேன். விடையைக் கோப்பில் எழுத 'விடப் பெரியது' என்ற குறியைப் போட்டு, அதன் பின் அதே கோப்பின் பெயரைக் கொடுத்தேன். அடுக்கிய விடை அதே கோப்பில் வந்து உட்காரும் என்பது என் கணக்கு.

கோப்பைத் திறந்தேன். வெறுமை! ஒரு எழுத்துகூட இல்லை.

நடந்தது இதுதான். அந்தக் குறியைக் கண்டவுடன், 'ஷெல்' எனப்படும் கட்டளை ஏற்பி, எழுத வேண்டிய கோப்பை முதலில் திறந்து காலி செய்துவிடுகிறது. அதன் பிறகுதான் அடுக்கும் நிரலையே தொடங்குகிறது. அது படிக்க வரும்போது கோப்பில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை ஒழுங்காக அடுக்கி, ஒன்றுமில்லாததையே எழுதிவிட்டுப் போய்விட்டது. மடை திறக்கும் முன் வயலில் இருந்த நீரையும் வடித்துவிட்ட கதை. நல்ல வேளையாக, மாணவர்களின் நோட்டுகளில் அளவீடுகள் இருந்தன. மறுபடியும் இரண்டு பிற்பகல்கள்.

இது கையேட்டில் இல்லையா? இருந்தது. ஆனால் அடுக்கும் கட்டளையின் பக்கத்தில் இல்லை. கட்டளை ஏற்பியின் நீண்ட பக்கத்தில், கோப்பு ஏற்கெனவே இருந்தால் அதன் நீளம் பூச்சியமாக்கப்படும் என்ற ஒரு வரியாக இருந்தது. அடுக்கும் கட்டளைக்கே 'ஓ' என்ற தெரிவு ஒன்று உண்டு. அதைப் பயன்படுத்தியிருந்தால் அதே கோப்பில் பத்திரமாக எழுதியிருக்கலாம். லினக்ஸில் உள்ள அதன் கையேட்டுப் பக்கம் அந்தத் தெரிவைப் பற்றி ஒரே வரிதான் சொல்கிறது: விடை கோப்பில் எழுதப்படும் என்று. படித்த கோப்பிலேயே எழுதலாம் என்ற முக்கியச் செய்தி அதே நிரலின் முழுநீளக் கையேட்டு நூலில் இருக்கிறது. இரண்டும் ஒரே கணினியில்தான் இருந்தன. தவறு என்னுடையதுதான், ஆனாலும் ஒரே நிரலுக்கு ஏன் இரண்டு கையேடுகள் என்ற கேள்வி எழுகிறது அல்லவா?

ஒன்றுக்கொன்று முரண்படுவது எப்படி?

ஒரு நிரல் என்ன செய்யும் என்பது குறைந்தது மூன்று இடங்களில் சொல்லப்படுகிறது. முதலாவது, நிரலின் மூலவரிகள். கணினி கேட்பது இதை மட்டுமே. இரண்டாவது, 'உதவி' என்ற தெரிவைக் கொடுத்தால் நிரலே திரையில் காட்டும் சிறு குறிப்பு. மூன்றாவது, கையேட்டுப் பக்கம். சிலவற்றுக்கு முழுநீளக் கையேட்டு நூலும் சேர்த்து நான்கு.

ஒருவர் நிரலில் புதிய தெரிவு ஒன்றைச் சேர்க்கிறார். நிரல் உடனே வேலை செய்கிறது. உதவிக் குறிப்பில் சேர்க்க மறந்தால் நிரல் நிற்காது. கையேட்டில் சேர்க்க மறந்தாலும் நிற்காது. பிழை எங்கும் சத்தம் போடாது. இரண்டு கடிகாரங்களை ஒன்றாகச் சாவி கொடுத்து வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். யாரும் தொடாமலே இரண்டும் வெவ்வேறு நேரம் காட்டும். கையேடும் நிரலும் அப்படித்தான் மெல்ல மெல்ல விலகுகின்றன.

விலகினால் என்ன கெட்டுவிடும்? இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

வட்டில் எவ்வளவு இடம் மீதம் இருக்கிறது என்று காட்டும் கட்டளை ஒன்று உண்டு. டி, எஃப் என்ற இரண்டு எழுத்துகள். கட்டளைகளுக்கான பொது வரையறை 1992-இல் போசிக்ஸ் என்ற பெயரில் வந்தது. அதன்படி இந்தக் கட்டளை காட்டும் எண்ணின் அலகு 512 பைட்டுகள். லினக்ஸில் உள்ள நிரலோ, வேறு சொல்லாவிட்டால், 1,024 பைட்டுகளை ஓர் அலகாகக் கொள்கிறது. ஒரே வட்டு, ஓரிடத்தில் வரும் எண் மற்றோரிடத்தில் வருவதைப் போல் இரு மடங்கு. கையேட்டில் அலகு தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரியாற்று அடியையும் இடுக்கி அடியையும் ஒப்பிட்ட கதைதான்.

இரண்டாவது இன்னும் கடுமையானது. 'கில்லால்' என்று ஒரு கட்டளை. லினக்ஸில் அதனோடு ஒரு நிரலின் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை மட்டும் நிறுத்தும். சன் நிறுவனம் உருவாக்கிய சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் வகையில் இதே பெயருள்ள கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களையும் நிறுத்திவிடும். கணினியை அணைக்கும் நேரத்துக்காக ஏற்பட்டது அது. லினக்ஸில் பழகிய ஒரு நிர்வாகி, சோலாரிஸ் கணினியின் முன் உட்கார்ந்து, பலர் வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் இதைத் தட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். லினக்ஸ் கையேட்டின் பக்கத்தில் இதைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று உண்டு. தன் நிரலைப் பற்றி மட்டுமன்றி, பக்கத்து வீட்டு நிரலைப் பற்றியும் எச்சரிக்கும் அந்த வரியை எழுதியவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஒழுங்குபடுத்தும் வழிகள்

விலகாமல் தடுக்க என்ன செய்வது? முதல் வழி, இரண்டு கடிகாரங்களை வைத்துக்கொள்ளாமல் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது. குனூ திட்டத்தின் அடிப்படைக் கட்டளைகளில் இதைத்தான் செய்கிறார்கள். உதவிக் குறிப்பை நிரலிலிருந்தே பெற்று, அதைக் கையேட்டுப் பக்கமாக மாற்றித் தரும் சிறு நிரல் ஒன்று இருக்கிறது. நிரலின் உதவிக் குறிப்பு மாறினால் பக்கமும் தானே மாறும். இரண்டும் முரண்படுவதற்கு இடமே இல்லை.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உதவிக் குறிப்பு சுருக்கமாகத்தான் இருக்கும். ஆகவே அதிலிருந்து பிறக்கும் பக்கமும் மெலிந்தே இருக்கும். என் ஊசல் அளவீடுகள் போனதற்கு இந்த மெலிவும் ஒரு காரணம். விரிவான செய்தியைக் குனூ திட்டத்தினர் தங்கள் முழுநீளக் கையேட்டு நூல்களில் வைக்கிறார்கள். முரண் இல்லாமை வேறு, முழுமை வேறு. ஒன்று கிடைத்தால் மற்றொன்றும் கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

இரண்டாவது வழி எழுதும் முறையிலேயே ஒழுங்கைக் கொண்டுவருவது. கையேட்டுப் பக்கத்தை நேரடியாக அழகுபடுத்தி எழுதுவதில்லை. இடையிடையே குறிகள் இட்டு எழுதுகிறார்கள். வேறொரு நிரல் அவற்றைப் படித்துத் திரைக்கு ஏற்றபடி அடுக்குகிறது. பழைய முறையில் 'இந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டு', 'இதைச் சாய்த்துக் காட்டு' என்று குறியிட்டார்கள். கட்டளையின் பெயரைச் சிலர் தடிப்பார்கள், சிலர் சாய்ப்பார்கள். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யூனிக்ஸ் வகைக்காக, 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிந்தியா லிவிங்ஸ்டன் என்பவர் வேறொரு முறையை உருவாக்கினார். அதில் 'இது தெரிவு', 'இது கோப்பின் பெயர்', 'இது பயனர் தர வேண்டியது' என்று பொருளைக் குறித்தால் போதும். தடிப்பதா சாய்ப்பதா என்பதை அடுக்கும் நிரல் பார்த்துக்கொள்ளும். யார் எழுதினாலும் தோற்றம் ஒன்றாகிவிடும். பொருளைக் கொண்டு தேடவும் முடியும். இப்படி எழுதிய பக்கங்களைப் படித்து, தலைப்பு இடம் மாறியிருக்கிறது, தேதி இல்லை, குறி தவறு என்று குற்றம் கண்டு சொல்லும் சரிபார்ப்பு நிரல்களும் இன்று உள்ளன. ஓப்பன் பிஎஸ்டி என்ற இயக்கமுறையின் குழுவினர், கையேட்டில் உள்ள பிழையை நிரலில் உள்ள பிழைக்குச் சமமாகவே கருதுகிறார்கள். நிரலை மாற்றுபவர், அதே கையோடு பக்கத்தையும் மாற்ற வேண்டும்.

மூன்றாவது வழி, ஒருவர் பொறுப்பேற்றுக் காவல் இருப்பது. லினக்ஸின் உட்கருவைப் பயன்படுத்தும் அழைப்புகளுக்கான கையேட்டுப் பக்கங்களை 2004 முதல் பல ஆண்டுகள் மைக்கேல் கெரிஸ்க் என்பவர் காத்து வந்தார். பக்கத்தை எப்படி எழுத வேண்டும், தலைப்புகள் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதற்கே ஒரு கையேட்டுப் பக்கம் அத்தொகுப்பில் உண்டு. கையேட்டுக்கு ஒரு கையேடு!

அவர் வெறும் எழுத்தராக இருக்கவில்லை. பக்கத்தை எழுதுவதற்கு முன் சிறு நிரல்கள் எழுதி ஒவ்வோர் அழைப்பையும் சோதித்துப் பார்ப்பார். 2007-இல் லினக்ஸ் உட்கருவின் 2.6.22-ஆம் பதிப்பில் நேரங்காட்டி ஒன்று புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதற்குப் பக்கம் எழுதப் புகுந்தபோது அதன் அமைப்பிலேயே குறை இருப்பதைக் கண்டார். எத்தனை நேரத்துக்குப் பிறகு ஒலிக்க வேண்டும் என்று அந்த நேரங்காட்டியிடம் சொல்லலாம். இன்னும் எவ்வளவு நேரம் மீதி இருக்கிறது என்று அதனிடம் கேட்க வழியில்லை. முள்ளே இல்லாத நிறுத்துக் கடிகாரத்தை எண்ணிக்கொள்ளுங்கள்! அவர் இதை எடுத்துச் சொன்னார். அடுத்த பதிப்பில் அந்த அழைப்பு முடக்கப்பட்டது. திருத்தி அமைத்த வடிவம் 2008-இல் 2.6.25-ஆம் பதிப்பில் வந்தது. இத்தகைய அழைப்பு ஒன்று பரவலாகப் புழக்கத்துக்கு வந்துவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். அதை நம்பி எழுதிய நிரல்கள் எல்லாம் உடைந்துபோகும். கையேடு எழுதியவர் ஓர் ஆண்டு தாமதித்திருந்தால் அந்த முள்ளில்லாக் கடிகாரம் நிலைத்திருக்கக்கூடும்.

தமிழில் வந்தால்?

'இந்தப் பக்கங்களைத் தமிழில் படிக்க முடியாதா?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. லினக்ஸ் பற்றித் தமிழில் எழுதும் முயற்சிகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' இணைய இதழ் அவற்றுள் ஒன்று. கையேட்டுப் பக்கங்களை மொழிபெயர்ப்பது மட்டும் தனிச் சிக்கல் உடையது. ஒருமுறை மொழிபெயர்த்து வைத்துவிட்டால் வேலை முடிவதில்லை. ஆங்கிலப் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். முன்பு மூன்று விலகல் இருந்தால், இப்போது நான்காவதாகவும் ஒன்று சேர்கிறது.

இதற்கும் ஒரு கருவி இருக்கிறது. அது ஆங்கிலப் பக்கத்தைப் பத்தி பத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரான மொழிபெயர்ப்பைச் சேர்த்து வைக்கிறது. ஆங்கிலப் பத்தியில் ஒரு சொல் மாறினாலும், அதன் மொழிபெயர்ப்பின்மீது 'ஐயத்துக்குரியது' என்று முத்திரை குத்திவிடும். மொழிபெயர்ப்பாளர் பார்த்துச் சரிசெய்யும் வரை அந்தப் பத்தி மட்டும் ஆங்கிலத்திலேயே தோன்றும். பழைய தமிழ், புதிய ஆங்கிலத்துக்கு முரணாகப் பேச அனுமதிப்பதில்லை. ஒரு பக்கத்தில் மொழிபெயர்த்த பகுதி 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால், வேறு விதமாகச் சொல்லாதவரை, அந்த மொழிபெயர்ப்புப் பக்கத்தையே கருவி உருவாக்காது. அரைகுறைத் தமிழைவிட முழு ஆங்கிலம் மேல் என்ற இந்த முடிவு எனக்கு முதலில் பிடிக்கவில்லை. கோப்பைப் பறிகொடுத்த பிறகு அதன் நியாயம் புரிந்தது.

சொல் ஒற்றுமை மற்றொரு தொல்லை. இந்தக் கட்டுரையில் நான் 'தெரிவு' என்று எழுதியதை ஒருவர் 'விருப்பம்' என்பார், மற்றொருவர் 'தேர்வு' என்பார். 'தேர்வு' என்றவுடன் உங்களுக்கு வேறு நினைவு வந்து வயிறு கலங்கும்! மூன்றுமே நல்ல சொற்கள். ஆனால் முதல் பக்கத்தில் 'தெரிவு', அடுத்த பக்கத்தில் 'விருப்பம்' என்று வந்தால், இரண்டும் ஒன்றா வேறா என்று படிப்பவர் திகைப்பார். ஆகவே மொழிபெயர்ப்புக் குழுக்கள் முதலில் சொற்பட்டியலைத்தான் தயாரிக்கின்றன. ஒரு சொல்லைத் தேர்ந்த பிறகு, அதைவிட அழகான சொல் கிடைத்தாலும், எல்லா இடங்களிலும் ஒன்றாக மாற்ற முடியுமானால் மட்டுமே மாற்ற வேண்டும்.

நீங்களே செய்து பார்க்க

லினக்ஸ் உள்ள கணினி ஒன்று கிடைத்தால், அடுக்கும் கட்டளையின் பக்கத்தைத் திறந்து அதன் கடைசி வரிக்குப் போங்கள். அங்கே நிரலின் பெயரும் பதிப்பு எண்ணும் ஒரு தேதியும் இருக்கும். பிறகு அதே கட்டளையோடு இரண்டு சிறு கோடுகளும் 'பதிப்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் சேர்த்துத் தட்டுங்கள். நிரல் தன் பதிப்பு எண்ணைத் தானே சொல்லும். இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் பக்கமும் நிரலும் ஒரே காலத்தவை.

அடுத்து, உதவித் தெரிவு காட்டும் பட்டியலையும் பக்கத்தில் உள்ள பட்டியலையும் ஒரு தாளில் இரண்டு பத்திகளாக எழுதி ஒப்பிடுங்கள். அடுக்கும் கட்டளையில் வேறுபாடு கிடைக்காது. காரணம் உங்களுக்குத் தெரியும். வேறு ஏதாவது ஒரு கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத தெரிவு அகப்பட்டால், எந்தப் பதிப்பு, எந்த வரி, நிரல் உண்மையில் என்ன செய்கிறது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிழையை எங்கே தெரிவிக்க வேண்டும் என்பது பல பக்கங்களின் இறுதியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். கடிதம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நான்கு வரி போதும். சோதிப்பதற்கு முன் கோப்புகளை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக, அந்த 'விடப் பெரியது' குறியைத் தொடும்போது.